கறுப்பு மூலை

ஐந்தாம் சுற்று. பதினேழாம் பலகை.
கழிப்பறைக் கதவு சாத்தும் ஒவ்வொரு முறையும்
காய்கள் லேசாக நடுங்கும் இடம்.
மரக் காய்கள் முதல் மேசைகளுக்கு மட்டும்.
எங்களுக்கு பிளாஸ்டிக்.
என் ராணியின் தலையில் பல் பட்ட தடம்,
ஏதோ குழந்தை கடித்திருக்கிறது.

எதிரே விஸ்மா.
லியபாயா மீன் ஆலையில் கணக்கெழுதுகிறவள்.
நகர்த்தலைக் குறிக்கும்போதும்
கூட்டல் சரிபார்ப்பவள்போல் பேனா நுனியால் தொட்டுத் தொட்டு வருவாள்.
நான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறேன்.
நாற்பது மீட்டர் உயரத்திலிருந்து
கண்டெய்னரை விரற்கடை பிசகாமல் இறக்குவேன்.
பலகையைப் பார்க்க அந்த உயரம் கிடைப்பதில்லை.

முதல் மூன்று மணி நேரம் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.
வெட்டினாள், வெட்டினேன்.
ராணிகள் போயின. கோட்டைகள் நான்கும் போயின.
இனி விடுவதற்குக் கோட்டை ஏது
என்று நினைத்த மாத்திரத்தில்
கோட்டை விட்டேன்.

அவளிடம் ஒரு மந்திரி, இரண்டு சிப்பாய்.
என்னிடம் ஒரு குதிரை.
முன்னால் நின்ற சிப்பாய் நாதியற்றதாகத் தெரிந்தது.
வெட்டினேன். கடிகாரத்தை அழுத்தினேன்.
அழுத்திய விரலை எடுக்குமுன் பார்த்துவிட்டேன்:
பலகையின் அந்தக் கோடியில்,
அவள் முழங்கை நிழலில், மந்திரி.
ஐந்து கட்டம் சாய்வாக வழுக்கி வந்து
என் குதிரையைக் கொண்டுபோயிற்று.

கைகொடுத்துத் தோற்க வேண்டும், அதுதான் மரியாதை.
ஆனால் பிளாஸ்கிலிருந்து அப்போதுதான் ஊற்றிய காப்பி
ஆவி பறந்துகொண்டிருந்தது.
குடித்துவிட்டுத் தோற்கலாம்.
அதுவரை சும்மா இருப்பானேன் என்று
ராஜாவை மூலைப் பக்கம் நகர்த்தினேன்,
இந்த ஊரில் காற்றடித்தால்
எவனும் சுவரோரம் ஒதுங்குவதுபோல.

நாலாவது மிடறில்தான் உறைத்தது.
மூலைக் கட்டம் கறுப்பு.
அவள் மந்திரி வெள்ளையில் பிறந்தது,
ஆயுளுக்கும் கறுப்பில் கால் வைக்காது.
மிஞ்சிய ஒற்றைச் சிப்பாய்
ராணியாக வேண்டிய கட்டமும் அதே மூலை.
அங்கே நான் உட்கார்ந்திருக்கிறேன்.
எழுப்ப ஆளில்லை.

விஸ்மாவுக்கு அது தெரிந்த நொடியையும் பார்த்தேன்.
கண்ணாடியைக் கழற்றி
ஸ்வெட்டர் நுனியில் துடைத்து
மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தாள்.
கட்டம் நிறம் மாறவில்லை.

அப்புறமும் பன்னிரண்டு நகர்த்தல் ஆடினாள்.
குறை சொல்ல மாட்டேன்.
பூட்டிய கடையின் கதவை
ஒருமுறை தள்ளிப் பார்க்காமல் திரும்பியவர் யார்?
கடைசியில் அவள் ராஜாவும் சிப்பாயும் நெருக்கி நிற்க
எனக்கு செக்கும் இல்லை, போக இடமும் இல்லை.
டிரா.
மந்திரி எங்கோ தள்ளி,
கையெழுத்துப் போட ஒன்றுமில்லாத அதிகாரிபோல் நின்றிருந்தது.

"குதிரையைக் கொடுத்தீர்களே!" என்றாள்.
"அத்தனை தூரம் கணக்குப் போட்டீர்களா?"
அவள் கை சில்லிட்டிருந்தது. குரலில் வயிற்றெரிச்சல் இல்லை.
பக்கத்துப் பலகைக்காரன் வேறு தலையாட்டினான்.
நடுவர் ஆர்விட்ஸ் எங்கள் பெயருக்கு நேராக
அரை, அரை என்று எழுதிவிட்டு
என்னைப் பார்த்துப் புருவம் உயர்த்தினார்.
நான் கோப்பையின் அடிவண்டலைப் பார்த்தேன்.
"ஏதோ கொஞ்சம்" என்றேன்.

வெளியே கடல் காற்று.
இருவருக்கும் ஒரே டிராம் நிறுத்தம்.
கையுறை விரலால் காற்றில் காய் நகர்த்திக்கொண்டே
"வெட்டாமல் விட்டிருந்தால்?" என்று கேட்டாள்.
"யாராயிருந்தாலும் வெட்டியிருப்பார்கள்."
அடுத்த வாக்கியம் பல் வரை வந்தது.
அதற்குள் டிராம் வந்துவிட்டது.

அவளுக்கு உட்கார இடம் கிடைத்தது.
நான் நின்றேன்.
இரண்டு நிறுத்தம் கடந்த பிறகுதான் நினைவு வந்தது,
பிளாஸ்கின் மூடியை
அந்த மேசையிலேயே விட்டுவிட்டேன்.